விளக்கொளியும் திமிங்கில எண்ணெயும்

விழா என்பது இன்று வாழும் மக்களை ஒன்றுகூட்டுவது. வரலாறு என்பது அன்று வாழ்ந்தவர்களை உள்ளவாறு உணர்த்துவது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்போது, எது எதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது? இவ்வினாவை ஆராய ஏற்ற சான்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள மிஸ்டிக் சீபோர்ட் என்னும் கடல் வரலாற்றுக் காட்சிசாலையாகும்.

1929இல் தோன்றிய இக்காட்சிசாலை நான்கு சுவர்களுக்குள் அடங்கியதன்று. நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் கடலோரச் சிற்றூர் ஒன்றையே அங்கு அமைத்துள்ளனர். கயிறு திரிக்கும் சாலையும், கொல்லன் பட்டறையும், பீப்பாய் செய்யும் கூடமும் அங்கே உண்டு. ஆற்றங்கரையில், 1841இல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ. மோர்கன் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பல் நிற்கிறது.

டிசம்பர் திங்களில் இச்சிற்றூர் விழாக்கோலம் பூணுகிறது. பாய்மர உச்சிகளில் பசுமரங்கள் கட்டப்படுகின்றன. ஊர்மக்கள் கூடிக் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடும் நாளில், வருவோர் இல்லாதார்க்கு உதவும் உணவுப்பொருளைக் கொண்டுவருவது வழக்கமாகியுள்ளது. பல்லாண்டுகளாக நடந்துவந்த விளக்கொளி உலாவோ இன்னும் சுவையானது. கையில் விளக்கேந்திய வழிகாட்டியின் பின்னே மக்கள் இருளில் நடப்பர். வீட்டுக்கு வீடு நாடகக் காட்சி விரியும். விடுதியில் ஆடலும் பாடலும் நிகழும். குதிரை வண்டி காத்திருக்கும்.

இதைக் குறைகூறுவது எளிதன்று. காட்சிசாலையை அறிஞர் மட்டும் நுழையும் இடமாக்காமல், சிறுவரும் முதியவரும் உரிமையோடு கூடும் ஊர்ப்பொதுவிடமாக்கியது பெருந்தொண்டு. கண்ணாடிப் பேழையில் கிடக்கும் பொருள் கற்பிக்காததை, இருளில் நடந்த ஒரு மாலை கற்பித்துவிடலாம். அதனாலேயே, அது எதைக் கற்பிக்கிறது என்று கேட்பது நம் கடமையாகிறது.

மோர்கன் கப்பல் கட்டப்பட்டது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போர்டில். அம்மாநிலம் பியூரிட்டன் சமயத்தார் ஆண்ட குடியேற்றமாயிருந்த காலத்தில், 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தது. அச்சட்டம் 1681இல் நீங்கியது. ஆயினும், மனப்போக்கு எளிதில் நீங்கவில்லை. 1850களில்தான் அங்கு அந்நாள் சட்டப்படி விடுமுறையாயிற்று. எனவே, மோர்கன் முதன்முதல் கடலேறிய காலத்தில், அவ்வட்டாரத்தார் பலர்க்கு அது வேலைநாளே. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட மோபி டிக் நாவலில், வேட்டைக் கப்பல் நங்கூரம் எடுப்பது கிறிஸ்துமஸ் நாளன்றே என்பதையும் நினைக்க. மெல்வில் தாமே 1841 சனவரியில் அத்தகைய கப்பலில் சென்று, அத்தொழிலை நேரில் அறிந்தவர்.

இனி, அவ்விளக்கையே நோக்குவோம். மண்ணெண்ணெய் பரவுமுன் அமெரிக்க இல்லங்களுக்கு நல்லொளி தந்தவற்றுள் ஒன்று திமிங்கில எண்ணெய். அதைத் தேடி மோர்கன் 80 ஆண்டுகளில் 37 பயணங்கள் சென்றது. ஏறத்தாழ 35 பேர் அதில் அடைபட்டுக் கிடந்தனர். பயணம் மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். கப்பலின் மேல்தளத்திலேயே அடுப்பு மூட்டிக் கொழுப்பை உருக்குவர். மாதச் சம்பளம் இல்லை, வருவாயில் பங்குதான். கடைநிலை மாலுமிக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. கப்பலில் கடனாக வாங்கிய உடைக்கும் புகையிலைக்கும் அதிலும் கழிவு. வெள்ளையர் மட்டுமின்றி, கருப்பின அமெரிக்கர், கேப் வெர்டித் தீவினர், பசிபிக் தீவினர் எனப் பலரும் அத்தொழிலில் உழைத்தனர். வீட்டில் விளக்கெரிய, அதற்கு எண்ணெய் தேடியவன் உலகின் மறுகோடியில் இருந்தான் என்க.

காட்சிசாலை இவ்வுண்மையை மறைக்கிறது என்பதன்று நம் வாதம். பகலில் கப்பலேறுவோர் உருக்கும் அடுப்பையும் மாலுமிகளின் குறுகிய படுக்கைகளையும் காணலாம். 2014இல் அதே கப்பலைப் பழுதுபார்த்து 38ஆம் பயணம் அனுப்பியபோது, அது திமிங்கிலங்களைக் கொல்லச் செல்லவில்லை. அவற்றைக் காணவும் போற்றவும் சென்றது. தன் பழம்பொருளின் பாரத்தை உணர்ந்த நிறுவனம் அது. ஆனால், பகலில் சொல்லும் உண்மைக்கு விழா இரவிலும் இடம் வேண்டும். இதமான வீட்டையும் இனிய பாடலையும் மட்டுமே கண்டு திரும்பும் சிறுவன், பழங்காலம் முழுவதும் இப்படியே இருந்தது என எண்ணிவிடுவானன்றோ?

விழாவை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு காட்சியைச் சேர்த்தால் போதும். ஆடலும் பாடலும் முடிந்தபின், மக்களை மோர்கனின் தளத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். விருந்தும் இசையும் இன்றி, அன்றைய நாள் இன்னதென்றும் நினைக்க நேரமின்றி வேலை செய்யும் ஒரு மாலுமியைக் காட்டுங்கள். பின்பு அதே விளக்கைக் கையிலேந்தி அவர்கள் வீடு திரும்பட்டும். ஒளி குறையாது, அதன் விலை இன்னதென்று அப்போது தெரியும்.