முகங்கள் மறையும் சக்கரம்

முடிவு தெரிந்த கதையை மனிதர் ஏன் மீண்டும் மீண்டும் நாடுகின்றனர்? விடிய விடிய அமர்ந்து கர்ண மோட்சக் கூத்தைக் காண்பவர் எவரும், இம்முறையாவது கர்ணன் பிழைத்துவிடுவான் என்று எண்ணி வருவதில்லை. பாஸ்கா நாடகத்துக்குச் செல்லும் நமக்கும் முடிவு தெரியாததன்று. என்ன நடக்கும் என்பதை அறிய நாம் போவதில்லை. நடப்பதன் அருகில் இருக்கவே போகிறோம்.

ஆனால் விளையாட்டு என்பது வேறு. வெல்வதற்காகவே விளையாட்டு. தோற்பது உறுதி என்று தெரிந்த பின் எவர் ஆடுவார்? இக்கேள்வியை எனக்குள் எழுப்பியது உள்ளங்கையளவு கருவியொன்றில் ஆடப்படும் ஒரு வீடியோ விளையாட்டு. என் மகன் வேலைக்குச் சென்றபின் அலமாரியில் விட்டுவைத்த ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ என்னும் கருவியில், பொழுதுபோக்காகத்தான் அதைத் தொடங்கினேன். முடித்தபோது இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

அதன் பெயர் ‘கிரைசிஸ் கோர்: ஃபைனல் ஃபேன்டசி செவன்’. ஜப்பானில் 2007ஆம் ஆண்டு செப்டம்பரிலும், ஆங்கில வடிவில் 2008ஆம் ஆண்டிலும் வெளிவந்தது. இயக்கியவர் ஹாஜிமே தபாதா. கதையமைப்பு கசுஷிகே நோஜிமா. 1997இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற ‘ஃபைனல் ஃபேன்டசி செவன்’ விளையாட்டின் முன்கதை இது. அந்த மூல விளையாட்டில் ஸாக் என்னும் இளம் வீரன், கதை தொடங்குமுன்பே இறந்துபோனவன். பிறர் நினைவில் மட்டுமே வருபவன். பத்து ஆண்டுகள் கழித்து, இறந்த அவனையே நாயகனாக்கி, அவனை ஆட்டுவிக்கும் பொத்தான்களை நம் கையில் கொடுக்கிறார்கள். மூல விளையாட்டை அறிந்தோர் அவனைச் சாவை நோக்கித்தான் நடத்திச் செல்கிறோம் என்பதை முதல் நிமிடத்திலேயே அறிவர்.

கதையைச் சுருங்கச் சொல்வேன். ஷின்ரா என்பது ஒரு மின்சார நிறுவனம். அரசாங்கத்தையே விழுங்கிவிட்ட நிறுவனம். பூமியின் உயிர்ச்சாற்றை உறிஞ்சி ஆற்றலாக்கி விற்பது அதன் தொழில். தன் நலனைக் காக்கத் தனிப்படையும் வைத்திருக்கிறது. அதில் இரண்டாம் நிலை வீரன் ஸாக். மாவீரன் ஆக வேண்டும் என்பது அவன் கனவு. அவனுடைய ஆசான் ஆஞ்சீல், கனவைப் பற்றிக்கொள், மானத்தை மட்டும் விட்டுவிடாதே என்று போதிப்பவர். அவர் முதுகில் ஆளுயர வாள் ஒன்று தொங்குகிறது. ஏழைத் தந்தை கடன்பட்டு வாங்கித் தந்த வாள் என்பதால், தேய்ந்துவிடும், துருப்பிடித்துவிடும் என்று அஞ்சி அதை அவர் பெரும்பாலும் உறையிலிட்டதுபோல் வைத்திருக்கிறார். அந்த வாள் கைமாறும் வரலாறே இக்கதை எனலாம். ஆஞ்சீலிடமிருந்து ஸாக்கிடம், ஸாக்கிடமிருந்து கிளவுட் என்னும் எளிய காவல் வீரனிடம். இரு முறையும் கொடுப்பவர் உயிர்விடும் தறுவாயில்தான் கொடுக்கிறார்.

சக்கரத்தில் சுழலும் நெஞ்சம்

கதையை மட்டும் நோக்கினால் இது கண்ணீர் வரவழைக்கும் மற்றொரு படக்கதை. இதை மதிப்புக்குரியதாக்குவது ஆடும் முறைதான். திரையின் இடது மேல் மூலையில் மூன்று சக்கரங்கள் இடைவிடாது சுழல்கின்றன, சூதாட்டக் கூடத்து இயந்திரத்தைப் போல. அவற்றில் எண்களும் முகங்களும் உள்ளன. ஆசான், தோழன், எதிரி, அன்புக்குரியவள் எனக் கதையில் ஸாக் யாரைச் சந்திக்கிறானோ அவர்கள் முகம் சக்கரத்தில் சேர்கிறது. முகங்கள் ஒன்றுபட்டு நின்றால், அம்மனிதரோடு அவன் கழித்த ஒரு பொழுது கண்முன் விரியும். அந்த நினைவிலிருந்து புதிய வலிமை பிறக்கும். மூன்று ஏழுகள் வந்தால் அவன் ஒரு நிலை உயர்வான்.

முதலில் இது எனக்கு எரிச்சலூட்டியது. போரின் நடுவே ஆட்டம் நின்று சக்கரம் சுழல்வது இடையூறாகத் தோன்றியது. உழைப்புக்குக் கூலியாக வரவேண்டிய உயர்வைச் சூதின் கையில் ஒப்படைத்திருக்கிறார்களே என்றும் எண்ணினேன். நாளடைவில் அதன் பொருள் விளங்கிற்று. நாம் அழைத்தபோது நினைவுகள் வருவதில்லை. நெருக்கடியில் தவிக்கும்போது எங்கிருந்தோ ஒரு முகம் எழுகிறது, ஒரு சொல் காதில் ஒலிக்கிறது, நாம் நிமிர்கிறோம். மனிதன் தன் சொந்த வலிமையால் மட்டும் நிற்பதில்லை; தன்னை நேசித்தவர்களால் நிற்கிறான். இதைச் சொல்லால் சொல்லாமல், ஆட்டத்தின் இயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

கூரை பிளந்த ஆலயம்

நகரின் மேல்தட்டு வானத்தை மறைக்க, அதன் அடியில் கிடக்கும் சேரியில் ஒரு பாழடைந்த ஆலயம் இருக்கிறது. வேறெங்கும் பூக்காத அந்நிலத்தில், ஆலயத் தரையின் பலகைகளுக்கிடையே மட்டும் மலர்கள் பூக்கின்றன. கூரையைப் பிளந்துகொண்டு ஸாக் அங்கே விழுகிறான். மலர்களைப் பேணும் ஏரித் என்னும் பெண் அவனை எழுப்புகிறாள். வானத்தைக் கண்டு அஞ்சுபவள் அவள். அவள் மலர் விற்க அவன் ஒரு வண்டி செய்து தருகிறான். இருபது வயதுகூட நிரம்பாத இருவர் பேசும் சாதாரணப் பேச்சு. ஆயினும் இவ்விளையாட்டின் மிக நல்ல பகுதி இதுவே. பின்னர் ஸாக் ஆய்வுக்கூடச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுத் தப்பி வரும்போது, அவளுடைய கடிதமொன்று கைக்குக் கிடைக்கிறது. அது எண்பத்தொன்பதாவது கடிதம். முந்தைய எண்பத்தெட்டும் அவனைச் சேரவேயில்லை. இதுவே கடைசிக் கடிதம் என்று அவள் எழுதியிருக்கிறாள்.

குறைகள்

குறைகளையும் மறைக்கலாகாது. ஜெனிசிஸ் என்னும் பாத்திரம், கற்பனையான காவியமொன்றின் வரிகளைக் காரணமின்றி ஒப்பித்துக்கொண்டே வருகிறது. ஆழம் என்று காட்ட முயல்வது அலுப்பாகவே முடிகிறது. கிளைப்பணிகள் என முந்நூறு உண்டு. ஒரே குகையும் ஒரே கூடமும் திரும்பத் திரும்ப வர, போரிட்டுப் போரிட்டுக் கை ஓய்ந்துபோகிறது. சிறு கருவியில் சிறிது நேரம் ஆடுவோர்க்கென இவ்வாறு துண்டுபோட்டனர் போலும்.

இவை கலைக்குறைகள். அறக்குறை ஒன்று இவற்றினும் பெரிது. கதையின் தொடக்கத்தில் ஸாக் போரிடுவது ஊட்டாய் என்னும் நாட்டின்மீது. தங்கள் மண்ணைக் காத்து நிற்கும் அந்நாட்டவரை, ஒரு மின்சார நிறுவனத்தின் கட்டளைப்படி, துள்ளலோடு வெட்டி வீழ்த்துகிறான். வெட்டுவது நம் விரல். அப்போது மானத்தைப் பற்றிய கேள்வி எழவேயில்லை. யாருக்காக வாளேந்துகிறோம் என்று கேளாத மானம் எத்தகைய மானம்? ஆசான் ஆஞ்சீல் மானத்தைப் போதித்தவரே தவிர, தன் படை செய்யும் போர் நியாயமானதா என்று மாணவனைக் கேட்கப் பழக்கியவரல்லர்.

அந்த ஆசானே ஆய்வுக்கூடச் சோதனையின் விளைவாகத் தம் தோளில் சிறகு முளைக்கக் காண்கிறார். தாம் அரக்கனாகிவிட்டதாகக் கூறும் அவரிடம், இது வானதூதரின் சிறகு என்கிறான் ஸாக். அன்பின் பேச்சு அது. ஆனால் ஆசானைக் காக்க அச்சொல் போதவில்லை. அவரைக் கொல்ல வேண்டிய கடனும் அவன் தலையிலேயே விழுகிறது.

இறுதிப் போர்

இறுதியில், நினைவிழந்த கிளவுடைச் சுமந்துகொண்டு நகரின் விளிம்புவரை வந்துவிடுகிறான் ஸாக். அங்கே ஷின்ராவின் படை காத்து நிற்கிறது. நண்பனைப் பாறை மறைவில் கிடத்திவிட்டுத் தனியனாய் எதிர்செல்கிறான். அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அடித்து முடிக்க இயலாது. உடல் துளைபட்டு அவன் தள்ளாடும்போது, சக்கரம் மீண்டும் சுழல்கிறது. ஆனால் பழுதுபட்டுத் தடுமாறுகிறது. முகங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து மறைகின்றன. ஆசான் போய்விட்டார்; தோழர்கள் போய்விட்டனர். இறுதிவரை நிற்பது ஏரித்தின் முகம். அதுவும் மங்குகிறது.

அந்நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பயனில்லை என்று தெரியும். கருவியைக் கீழே வைத்திருக்கலாம். வைக்க மனம் வரவில்லை. திரைப்படமாயின் அவன் மடிவதைப் பார்த்திருப்பேன், நாவலாயின் படித்திருப்பேன். இங்கே அவனுடைய கடைசி வீச்சுகள் என் விரலில் இருந்தன. வெற்றிக்காக அன்று, பாறை மறைவில் கிடக்கும் ஒருவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஆடிய ஆட்டம் அது. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதுவே விடை. தோல்வி உறுதியான பின்னும் ஒருவன் செய்யும் செயலில்தான், அவன் யாருக்காக வாழ்ந்தான் என்பது வெளிப்படுகிறது.

எனினும், கருவியை அணைத்த பின் வேறொரு சிந்தனை என்னை உறுத்தியது. ஸாக்கைச் சுட்டவர்கள் தலைக்கவசம் அணிந்த, பெயரற்ற படைவீரர்கள். கதை முழுதும் நான் வெட்டிச் சாய்த்தவர்களும் அவ்வாறே பெயரற்றவர்கள். கிளவுடும் ஒரு காலத்தில் அதே கவசத்துக்குள் இருந்தவன்தான். கவசத்தைக் கழற்றி அவன் முகத்தைக் காட்டியதால் அவன் நண்பனானான். மற்றவர்கள் கவசத்தைக் கழற்ற எவரும் முனையவில்லை. அவர்கள் முகம் எந்தச் சக்கரத்திலும் சுழலவில்லை. அவர்களுக்கும் எண்பத்தொன்பது கடிதம் எழுதிய ஒருத்தி எங்கேனும் இருந்திருப்பாள் அல்லவா?

இதை விளையாட்டு தானாகக் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் புதுப்பொலிவுடன் ‘ரீயூனியன்’ என்னும் பெயரில் இது மீண்டும் வெளிவந்தது. கையில் ஏந்தி ஆடும் ‘சுவிட்ச்’ கருவிக்கும் கிடைக்கிறது. நம் இல்லத்து இளைஞர் எவரேனும் தலைகுனிந்து இதை ஆடிக்கொண்டிருக்கக் கண்டால், என்ன வீண்பொழுது என்று கடிந்துகொள்ளுமுன் அருகில் சென்று அமருங்கள். அந்தச் சக்கரத்தில் இப்போது யார் முகம் வந்தது என்று கேளுங்கள். உரையாடல் அங்கிருந்து தொடங்கலாம்.