மணி ஒலித்தால்தான் தொலைபேசி

இணையத்தின் வழியே பேசுவதற்கு ஒரு திறன்பேசியைத் தயார் செய்வது எப்படி என்று யாராவது கேட்டால், செயலியை இறக்கு, எண்ணைப் பதிவு செய், பச்சைப் பொத்தானை அழுத்து என்று மூன்றே வாக்கியங்களில் பதில் சொல்லிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பதில் பாதிக் காரியத்தைத்தான் சொல்கிறது என்பதும், சொல்லாமல் விட்ட மறுபாதியிலேயே ஒரு குடும்பத்தின் நிம்மதி அடங்கியிருக்கக்கூடும் என்பதும், சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் ஒரு வீட்டுக் கூடத்து மேஜைமேல் புதிய திறன்பேசி ஒன்றைப் பல வாரங்கள் வைத்துப் பழகிப் பார்த்த பின் எனக்கு ஐயமற விளங்கிய விஷயங்கள். பிறரை அழைப்பதற்கு இந்தச் சாதனம் மிக நன்றாகவே உதவுகிறது. பிறர் அழைக்கும்போது மணி ஒலிக்கிறதா என்ற கேள்விதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

திரையின் அகலம், காமிராவின் கூர்மை, நினைவகத்தின் கொள்ளளவு முதலியவை கடைவாசலில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருப்பவை. அவற்றைத் திரும்ப எழுதி வாசகர்களின் பொழுதைப் போக்க விரும்பவில்லை. நடுத்தர விலை, ஆண்டுராய்டு, நாள் முழுதும் தாங்கும் பேட்டரி. இவ்வளவு போதும். பேசிக்கு உரியவர் எங்கள் அண்டை வீட்டுப் பெரியம்மா. இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மரங்கள் அழிந்து செம்பனை எழுந்த காலத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி இங்கே குடியேறியவர். மூத்த மகன் சிங்கப்பூரில். மகள் ஜொகூர் பாருவில். பேரன் சென்னையில் படிக்கிறான். ஒரே தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் மூன்று தேசங்களில் சிதறிக் கிடக்கும் இக்காலத்தில், நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களுக்குத் தொலைபேசி என்பது வெறும் சௌகரியம் அன்று. உறவைக் கட்டிக்காக்கும் பிரதான சாதனமே அதுதான்.

முதலில் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய தொலைபேசிக் கம்பி மனிதக் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டுமே கடத்தியது. அடித்தொண்டையின் கனமும், மூச்சின் மெல்லிய சலசலப்பும் வழியிலேயே கழிந்துபோயின. 2012-இல் பொதுத்தரமாக அறிவிக்கப்பட்ட ஓபஸ் போன்ற குரல் சுருக்க முறைகள் அந்த எல்லையைத் தாண்டி, பேசுகிறவர் எதிரே அமர்ந்திருப்பதைப்போன்ற பூரணமான ஒலியைத் தருகின்றன. சென்னையிலிருந்து பேரன் பேசியபோது அவனுக்குச் சளி பிடித்திருப்பதை, அவன் சொல்லாமலே பெரியம்மா கண்டுகொண்டார். 1871-ஆம் ஆண்டளவில் சென்னையையும் பினாங்கையும் கடலடித் தந்திக்கம்பி இணைத்தபோது சொல்லுக்குச் சொல் காசு எண்ணித்தான் செய்தி அனுப்ப முடிந்தது; 2005 முதல் நமக்கு அடுத்த மலாக்காவிலும் சென்னையிலும் கரையேறும் ஒளியிழைக் கம்பியே ஒன்று இருக்கிறது. சொல்லுக்குக் காசு எண்ணிய காலம் போய், தும்மலும் இருமலும்கூடச் செலவின்றிக் கடல் கடந்து வந்து சேரும் காலத்துக்கு நாம் வந்திருக்கிறோம் என்றால், இதனை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்வதே முறை.

இனி தோஷத்துக்கு வருகிறேன். பேசி வந்த முதல் வாரம் முடிவதற்குள் சிங்கப்பூர் மகனிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: நேற்றிரவும் இன்று காலையும் அழைத்தேன், அம்மா எடுக்கவில்லை, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா, போய்ப் பாருங்கள் என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேசி உள்ளே மேஜைமேல், அவர் காதுக்கு எட்டும் தூரத்தில், இருந்தது. திரையைத் தொட்டுப் புலனத்தை (வாட்ஸ்அப்) திறந்ததும், தவறிய அழைப்புகள் எல்லாம் அப்போதுதான் வந்தவைபோல வரிசையாக வந்து விழுந்தன.

“தம்பி, போன் அடிச்சா நான் எடுக்க மாட்டேனா? அடிக்கவே இல்லைய்யா,” என்றார் பெரியம்மா.

தோட்டத்தில் வேலையாட்களைக் கணக்கெடுக்க அழைக்கும் பெரட்டு மணிக்கு, விடியுமுன் எழுந்து பல வருஷம் பழகிய காது அது. அடித்த மணியை அது தவறவிடாது. மணி ஒலிக்கவேயில்லை என்பதுதான் உண்மை.

இதன் காரணத்தைச் சற்று விளக்கியாக வேண்டும். இணைய அழைப்பு இன்று பிறந்த வித்தையன்று. இஸ்ரேல் நாட்டு வோக்கல்டெக் நிறுவனம் 1995-இலேயே கணினிவழிப் பேசும் மென்பொருளை விற்றது; அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் உதவும் ‘சிப்’ என்ற நெறிமுறை 1999-இல் வெளியாயிற்று; ஸ்கைப் 2003-இல் தோன்றி, உலகெங்கும் வியாபித்து, 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. 2008-இல் வந்த நோக்கியா ஈ71 பேசியை நான் நெடுங்காலம் உபயோகித்தவன். ‘சிப்’ கணக்கின் விவரங்களை அதில் ஒருமுறை நிரப்பிவிட்டால், விலாசப் புத்தகத்தில் பெயரைத் தேர்ந்து, சாதாரண அழைப்பா இணைய அழைப்பா என்று சொல்லிவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். வருகிற இணைய அழைப்புக்கும் தவறாமல் மணி அடிக்கும். அந்தப் பேசியின்மேல் எனக்குள்ள பிரியம் இன்றும் குறையவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 2010 டிசம்பரில் வந்த ஆண்டுராய்டு 2.3 இதே வசதியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. 2021-இல் வந்த ஆண்டுராய்டு 12 அதை நீக்கிவிட்டது.

அந்தப் பழைய முறைக்கு ஒரு விலை இருந்தது. அழைப்பு எந்தக் கணத்தில் வருமோ என்று பேசி இடைவிடாமல் தன் சேவையகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பேட்டரி விரைவில் கரையும். இந்தச் செலவைக் குறைக்கவே, செயலிகளையெல்லாம் உறங்க விட்டுவிட்டு, அழைப்பு வரும்போது மட்டும் ஒரு பொதுவான தட்டியெழுப்பும் சேவை அவற்றை எழுப்பிவிடுகிற யுக்தி வந்தது. 2015-இல் ஆண்டுராய்டு 6 இந்த உறக்கத்தை ஒழுங்குபடுத்தியது: திரை அணைந்து, சார்ஜ் ஏறாமல், அசைவின்றிச் சற்று நேரம் கிடந்தால் பேசி ஆழ்ந்து உறங்கும், ஆயினும் அவசரமானது என்று குறிக்கப்பட்ட செய்தி அந்த உறக்கத்தையும் ஊடுருவும். அழைப்புகள் அவ்வாறு குறிக்கப்பட்டே வருகின்றன. இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் குறையில்லை.

குறை இதற்கு மேலே ஏறியது. நாள் முழுதும் பேட்டரி தாங்கும் என்று விளம்பரம் செய்வதற்காகப் பேசித் தயாரிப்பாளர் சிலர், கூகுள் வகுத்த உறக்கத்துக்கு மேல் தங்கள் சொந்த உறக்கமொன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். சில மணி நேரம் தொடப்படாத செயலியை அவர்களுடைய ஏற்பாடு உறங்கவைப்பதோடு நில்லாமல், முற்றிலும் நிறுத்தியே விடுகிறது. அவ்வாறு கட்டாயமாக நிறுத்தப்பட்ட செயலியை, யாராவது கையால் மறுபடி திறக்கும்வரை, எந்த அவசரச் செய்தியாலும் எழுப்ப இயலாது. எப்போதும் பேசியைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இந்தத் தோஷம் தென்படுவதேயில்லை. பேசியை மேஜைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகள் அழைப்பார்கள் என்று காத்திருக்கும் முதியவர்களுக்கே இது முழுவதும் விளைகிறது. யாருக்கு மணி மிகமிக அவசியமோ அவருக்கே மணி மறுக்கப்படுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் கோபம் நியாயமானதென்றே கருதுகிறேன்.

பரிகாரம் இருக்கிறது, ஆனால் அமைப்புகளுக்குள்ளே பல அறைகளில் ஒளிந்திருக்கிறது. செயலியின் பேட்டரிப் பகுதிக்குச் சென்று ‘கட்டுப்பாடு இல்லை’ என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சில பேசிகளில் ‘தானாகத் தொடங்குதல்’ என்றொரு தனி அனுமதி உண்டு. அதையும் திறந்துவிட வேண்டும். டேட்டா சிக்கனம் இயங்கினால் பின்னணி டேட்டாவுக்கு விலக்கு அளிக்க வேண்டும். நெடுநாள் உபயோகிக்காத செயலியின் அனுமதிகளைப் பறிக்கும் ஏற்பாட்டை அந்தச் செயலிக்கு மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் சில மாதங்கள் கழித்து மைக்ரோபோன் அனுமதியே பறிபோகும். அறிவிப்புப் பகுதியில், அழைப்பு வந்தால் பூட்டிய திரையிலும் முழு அளவில் தோன்றவும் ஓசை எழுப்பவும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேசியின் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ‘துப்புரவு’ செயலிகளை, எவ்வளவு இலவசமானாலும், நீக்கிவிட வேண்டும். பின்னணியில் உள்ளவற்றைக் கொன்று குவிப்பதே அவற்றின் தொழில்.

இவற்றையெல்லாம் செய்தபின் பரீட்சை ஒன்று அவசியம். பெரும்பாலோர் செயலியை நிறுவிய அந்தக் கணமே பக்கத்தில் நின்று அழைத்துப் பார்த்து, மணி ஒலித்ததும் திருப்தியோடு போய்விடுகிறார்கள்; விழித்திருக்கும் பேசியைச் சோதிப்பதால் பிரயோஜனமில்லை. சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, இரவு முழுதும் அசையாமல் வைத்திருந்து, விடிந்ததும் யாரும் தொடுவதற்கு முன் வேறு வீட்டிலிருந்து அழைக்கச் செய்ய வேண்டும். பெரியம்மாவின் பேசி இந்தப் பரீட்சையில் முதலில் தோற்று, ‘தானாகத் தொடங்குதல்’ அனுமதியைத் திறந்த பிறகே தேறியது. பின்னொரு நாள் பேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும், திறந்து வைத்த அனுமதி மறுபடி மூடிக்கொண்டது. ஆகையால் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் இந்தச் சோதனை வேண்டும்.

இந்தச் சங்கடம் இல்லாத இணைய அழைப்பு ஒன்று அதே பேசிக்குள் இருக்கிறது. அதைப் பலர் அறியாதிருப்பதுதான் வருத்தம். அமைப்புகளில், சிம் அட்டைக்குரிய பகுதியில், ‘வைஃபை அழைப்பு’ என்று ஒரு விசை உண்டு. அதைத் திறந்துவிட்டால், வீட்டு வைஃபையின் வழியே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாயிலுக்குப் பேசி ஒரு மறையாக்கப் பாதையை அமைத்து, சிம் அட்டையின் இரகசியத்தைக் கொண்டு தன்னை நிரூபித்து, வழக்கமான எண்ணிலேயே அழைப்புகளை ஏற்கிறது. தனிச் செயலி வேண்டாம். எதிர்முனையில் பொத்தான் பேசியோ வீட்டுத் தொலைபேசியோ இருந்தாலும் பேசலாம். பேசியின் உடலோடு ஒட்டிய தொலைபேசிப் பகுதியே இதை நடத்துவதால் எந்தச் சிக்கன ஏற்பாடும் அதன் கழுத்தை நெரிப்பதில்லை. மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி சேவை மூடப்பட்ட பின், 4ஜி மெலிந்த இடங்களில் அழைப்பு 2ஜிக்கு இறங்கிக் குரல் கரகரப்பதை அனுபவித்தவர்களுக்கு, குன்றும் மரச்செறிவும் சூழ்ந்த தெமியாங் போன்ற இடங்களில் இது அரியதோர் உதவி.

இதிலும் நிபந்தனைகள் உண்டு. நிறுவனமும் பேசியின் மாதிரியும் இரண்டுமே இந்தச் சேவைக்கு இசைந்திருக்க வேண்டும். ‘ஏபி செட்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் தனி இறக்குமதிப் பேசிகளில் அந்த விசையே தோன்றாமல் போகலாம். மெலிந்த ஒரு கோடு சமிக்ஞை கிடைத்தாலும் சில பேசிகள் வைஃபையை விட்டு அதையே பற்றிக்கொள்ளும். அப்போது விமான நிலையை இயக்கி, பிறகு வைஃபையை மட்டும் திறந்தால் அழைப்பு இணையவழிக்கே வந்து சேரும். சிங்கப்பூர் மகன் இந்த முறையில் அழைத்தால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் உண்டு. ஆகவே வெளிநாட்டு உறவுக்குப் புலனமும், உள்நாட்டு உறவுக்கு வைஃபை அழைப்பும் என்று பிரித்துக்கொள்வதே சிக்கனம்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம், வீட்டு இணையத்தின் உயிர் மின்சாரத்தில் இருக்கிறது என்பது. பிற்பகலில் இடி மின்னல் தொடங்கியதும் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது எங்கள் பக்கத்து வீடுகளில் பழக்கம். மின்னல் பாய்ந்து மோடம் எரிந்துபோவதைக் கண்டவர்கள் அப்படிச் செய்வதைக் குறை கூற முடியாது. ஆனால் மழை விட்டதும் அதை மறுபடி செருக மறந்தால் அன்றிரவு எந்த இணைய அழைப்பும் வராது. மேலும், அவசர உதவிக்குரிய 999 என்ற எண்ணைப் புலனத்தின் வழியே அழைக்க இயலாது. ஆகவே சிம் அட்டை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசியின் சொந்த அழைப்புப் பொத்தான் எது என்பதையும் முதியவர்களுக்குத் தனியே பழக்கிவிடுங்கள்.

இந்தப் பேசியை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பேசி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் பெட்டியைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடலாகாது. ஓர் இரவு தங்கி, விடியற்காலைப் பரீட்சையை நடத்தி, மணி ஒலிப்பதைக் காதால் கேட்ட பிறகே புறப்பட வேண்டும். தயாரிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அழைப்புச் செயலி ஒன்றை நிறுவும்போதே, ‘நீங்கள் தொடாதிருக்கும்போதும் இது உங்களை அழைக்கலாமா’ என்று திரையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், கேட்டு, பெற்ற பதிலை எந்தப் புதுப்பிப்பிலும் மாற்றாதீர்கள். பேட்டரி அரை நாள் குறைவாகத் தாங்கினால் பெரியம்மா மறுபடி சார்ஜ் போட்டுக்கொள்வார். வராமல்போன ஓர் அழைப்பால் மூன்று தேசங்களில் மூன்று வீடுகள் கலங்குவதற்கு எந்தச் சார்ஜரும் ஈடாகாது.