அட்டையும் பேரேடும்: ‘எரியும் பனிக்காடு’ நாவலில் குருதி உறிஞ்சுதல்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவர் பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ நாவல், இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் 2007இல் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் இந்நாவலில் இடம்பெறும் அட்டைக்கடியைச் சுரண்டலின் குறியீடாகக் கொள்வது வழக்கமாக உள்ளது. அவ்வாசிப்பு போதுமானதன்று என்பதும், அட்டைக்கும் முன்பணக் கணக்குக்கும் உள்ள வேற்றுமையே நாவலின் மையத்தைத் திறந்து காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: எரியும் பனிக்காடு, ஆனைமலை, அட்டை, முன்பணம், மேஸ்திரி, விருந்தோம்பி, கொங்குநாடு.

முன்னுரை

தமிழ் வழக்கில் அட்டைக்கு இரு முகங்கள் உண்டு. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் ‘அட்டைவிடல்’ ஒன்று. அங்கு நீரில் வாழும் அட்டை, கெட்ட குருதியை நீக்கும் மருத்துவத் துணையாகக் கருதப்படுகிறது. அரசியல் மேடையிலோ அதே உயிர் வட்டிக்காரருக்கும் பண்ணையாருக்கும் முதலாளிக்கும் உவமையாகிறது. இக்காலத் தமிழ்ப் புனைகதை குறித்த பேச்சில் இரண்டாம் முகமே நிலைபெற்றுவிட்டது.

‘எரியும் பனிக்காடு’ 1920களில் நிகழும் கதை. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை என்னும் சிற்றூரைச் சேர்ந்த கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் பசிக்கு அஞ்சி, மேஸ்திரி தந்த முன்பணத்தையும் சொல்லையும் நம்பி ஆனைமலைக்கு வருகின்றனர். மழை, குளிர், அட்டை, காய்ச்சல், அடி, கடன் என அவர்களது வாழ்வு விரிகிறது. இந்நாவலைப் பயிலும் மாணவரிடம் அட்டை எதைக் குறிக்கிறது என்று வினவினால், “சுரண்டுவோரைக் குறிக்கிறது” என்னும் விடை உடனே வரும். அவ்விடைக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் அவ்விடை நாவலுக்குள் நுழையும் வாயிலை அடைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் ஐயம்.

அட்டையின் இயல்பும் உவமையின் எல்லையும்

கொங்குச் சமவெளியின் குளங்களிலும் குட்டைகளிலும் இறங்கும் மாட்டையும் மனிதரையும் பற்றுவது நீரட்டை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் வால்பாறைச் சரிவுகளில் காண்பது நிலவட்டை. அதற்குக் குளம் வேண்டியதில்லை. ஈரமான சருகும் புல்லும் தேயிலைச் செடியின் அடியும் போதும். நில அதிர்வையும் உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து அது மனிதரை நாடி வருகிறது.

வாழிடம் வேறாயினும் குருதி குடிக்கும் முறையில் இரண்டும் ஒத்தவை. கடி பெரும்பாலும் உணரப்படுவதில்லை. அட்டையின் உமிழ்நீரில் குருதியை உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதை ஜான் பெரி ஹேக்ராப்ட் 1884இல் கண்டறிந்தார். அதனால்தான் அட்டை விலகிய பின்னும் கடிவாயிலிருந்து நெடுநேரம் குருதி கசிகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு குருதியைக் குடித்தபின் அட்டை தானாகவே கழன்று விழுகிறது. மீண்டும் உணவின்றிப் பல மாதங்கள் அதனால் வாழ இயலும்.

இவ்வுயிரியல் செய்தி இலக்கிய வாசிப்புக்கு இன்றியமையாதது. அட்டைக்கு நிறைவு உண்டு. நிறைவுடைய ஓர் உயிரை, நிறைவே அறியாத ஓர் ஏற்பாட்டுக்கு உவமையாக்கும்போது உவமை தன் பொருளைத் தவறவிடுகிறது. ‘மூலதனம்’ நூலில் கார்ல் மார்க்ஸ், மூலதனத்திற்கு உவமையாக இரத்தக் காட்டேரியைத் தேர்ந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. காட்டேரி இயற்கையில் இல்லாத உயிர். அதன் வேட்கைக்கு முடிவும் இல்லை. அவ்வேறுபாடு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

புண்ணிலிருந்து பற்றுக்கு

டேனியல் 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். முதிய தொழிலாளரின் நினைவுகளைக் கேட்டறிந்தவர். எனவே அவர் காட்டும் அட்டைக்கடியை முதலில் ஒரு மருத்துவரின் குறிப்பாக வாசித்தல் வேண்டும்.

அவ்வாறு வாசிக்கும்போது ஒரு தொடர்நிகழ்வு புலனாகிறது. வெறுங்காலுடன் செடிகளுக்கிடையே கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் அட்டை ஏறுகிறது. கடிவாய் அரிக்கிறது, சொறிந்த இடம் ஈரத்திலும் சேற்றிலும் புண்ணாகிறது. புண் ஆறாத காலால் சரிவில் விரைந்து ஏற இயலாது, பறிக்கும் கொழுந்தின் எடை குறைகிறது, கூலியும் குறைகிறது. வேலைக்கு வர இயலாத நாளில் கூலியே இல்லை. உண்ணும் அரிசிக்கோ விலை உண்டு. குளிருக்குப் போர்த்தத் தரப்படும் கம்பளியும் பற்றில் எழுதப்படுகிறது. அட்டை குடித்த குருதியின் அளவு மிகச் சிறிது. அக்கடி கணக்கேட்டில் ஏற்படுத்தும் குறைவோ பெரிது.

இதே கடி ஒரு வேட்டைக்காரருக்கோ சுற்றுலாப் பயணிக்கோ வெறும் தொல்லைதான். புகையிலை, உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கொண்டு அவர் அட்டையை அகற்றிவிடுவார். மாலையில் கால் கழுவி ஓய்வெடுப்பார். கடிபடும் உடல் எந்த உழைப்பு உறவுக்குள் நிற்கிறது என்பதே கடியின் கேட்டை முடிவு செய்கிறது. அட்டையைக் குறியீடாக உயர்த்தும் வாசிப்பு இப்பருப்பொருள் நிலையைக் கடந்து சென்றுவிடுகிறது. காலணி இன்மை, மருந்து இன்மை, ஓய்வு இன்மை ஆகிய மூன்றும் அங்கு மறைந்துபோகின்றன.

காணப்படும் கேடும் காணப்படாத கேடும்

நாவலில் குருதி உறிஞ்சும் மற்றோர் உயிரும் உண்டு, அது கொசு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான அடிப்படைச் சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். கதை நிகழும் காலத்தில் அவ்வறிவு மருத்துவ உலகில் நிலைபெற்றிருந்தது. ஆயினும் தோட்டத்து லயன் வீடுகளுக்கு அதன் பயன் வந்து சேரவில்லை. தகுதிபெற்ற மருத்துவரான ஆபிரகாம் நாவலின் பிற்பகுதியில்தான் வருகிறார் என்னும் கதையமைப்பே இக்காலத்தாழ்வை உணர்த்துகிறது.

அட்டை கண்ணுக்குத் தெரிகிறது. கையால் பிடுங்கி எறியத்தக்கது. பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. கொசுக்கடி பொருட்படுத்தப்படுவதில்லை, அது தரும் காய்ச்சலோ குடும்பங்களைக் கொண்டுபோகிறது. மூன்றாவதாக உள்ள முன்பணக் கணக்குக்கு உடலே இல்லை. அதன் பிடியோ எல்லாவற்றினும் நீண்டது. எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு கேடு குறைவு என்னும் தலைகீழ் வரிசை ஒன்று நாவலுக்குள் இயங்குகிறது. அட்டையை மையக் குறியீடாக்கும் திறனாய்வு இவ்வரிசையின் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது.

விருந்தோம்பி யார்?

ஒட்டுண்ணிக்கு உடலைத் தரும் உயிரைத் தமிழ் உயிரியல் பாடநூல்கள் ‘விருந்தோம்பி’ என்கின்றன. விருப்பத்தோடு செய்யும் அறத்தின் பெயர், விருப்பமின்றிக் குருதி இழக்கும் உயிருக்குக் கலைச்சொல்லாகியுள்ளது. இம்முரண் நாவலை வாசிப்பதற்குப் பயன்படுகிறது.

அட்டைக்கும் தொழிலாளிக்கும் இடையே யார் கொடுப்பவர், யார் கொள்பவர் என்பதில் ஐயமில்லை. பேரேட்டில் அவ்விடங்கள் மாறுகின்றன. முன்பணம் கொடுத்தது தோட்டம். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கொடுத்தது தோட்டம். பெற்றுக்கொண்டவர் கருப்பனும் வள்ளியும். ஏட்டின்படி தோட்டமே விருந்தோம்பி, உழைப்பவர் கடன்பட்டவர். குருதியை இழந்தவரே மேலும் தரக் கடமைப்பட்டவராக எழுதப்படுகிறார். எந்த அட்டையும் தான் பற்றிய உயிரை நோக்கி “நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்” என்று கூறுவதில்லை.

இத்தலைகீழாக்கத்திற்குச் சட்டமும் துணைநின்றது. முன்பணம் பெற்றபின் வேலையை விட்டுச் செல்வதைத் தண்டனைக்குரியதாக்கிய தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் 1859இல் இயற்றப்பட்டது. அதனை நீக்கும் சட்டம் 1925இல்தான் வந்தது. கருப்பனும் வள்ளியும் மலையேறுவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். சட்டம் நீங்கினாலும் ஏடு நீங்கவில்லை என்பதை அவர்களது வாழ்வு காட்டுகிறது.

மேஸ்திரியை அட்டை எனக் கொள்வதிலும் இடருண்டு. அவன் கொடியவன் என்பதில் மாற்றுக்கருத்தில்லை. ஆயினும் அவன் தரும் முன்பணம் தோட்டத்திலிருந்து வருவது. ஆள்கணக்கில் அவன் பெறும் தரகும் அவ்வாறே. தோட்டத்தின் ஈட்டமோ இலண்டன் மின்சிங் லேன் ஏலக்கூடத்தில் தேயிலைக்குக் கிடைக்கும் விலையோடு பிணைந்தது. உவமை மேஸ்திரியின் உடலில் முடிந்துவிட்டால் வாசகரின் சினமும் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

உழைப்பாளரே தம்மைச் சுரண்டுவோரை அட்டை என்று ஏசுவதுண்டு. அவ்வாறிருக்க அவ்வுவமையை மறுக்கத் திறனாய்வாளருக்கு என்ன உரிமை என்று வினவலாம். இவ்வினா நியாயமானது. அட்டையையும் மேஸ்திரியையும் ஒருசேர அறிந்த ஒருவர் அவ்வாறு ஏசும்போது, சொல்லுக்குப் பின்னால் இரு அனுபவங்கள் நிற்கின்றன. அட்டை கடித்தறியாத வகுப்பறையில் அது ஆயத்த விடையாகிறது. இக்கட்டுரை மறுப்பது பின்னதை மட்டுமே.

மேலும், தொழிலாளரின் சொல் எது என்பதே இந்நாவலில் எளிய வினாவன்று. தமிழ் பேசிய மாந்தரின் துயரம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, 38 ஆண்டுகளுக்குப் பின் அவர்தம் மொழிக்குத் திரும்பியது. தலைப்புகளும் அப்பயணத்தில் மாறின. ‘ரெட் டீ’ என்னும் தலைப்பு பண்டத்தில் குருதி நிறத்தைக் காட்டியது. ‘எரியும் பனிக்காடு’ இடத்தை முன்னிறுத்தியது. இந்நாவலைத் தழுவிப் பாலா இயக்கி 2013இல் வெளிவந்த திரைப்படம் ‘பரதேசி’ எனப் பெயர்பெற்று மனிதரை முன்னிறுத்தியது. பண்டம், இடம், மனிதர் என்னும் மூன்றையும் பிணைக்கும் கணக்கேடு எந்தத் தலைப்பிலும் இடம்பெறவில்லை. அதனைத் தேடி எடுப்பது வாசிப்பின் கடமையாகிறது.

இந்நாவலின் எல்லையையும் இங்குச் சுட்டவேண்டும். மருத்துவரின் பார்வை புண்ணின் காரணத்தை நுட்பமாகக் காண்கிறது. அதே பார்வையில் தொழிலாளர் பல இடங்களில் நோயாளராகவும் மீட்கப்பட வேண்டியவராகவும் சுருங்கிவிடுகின்றனர். அட்டையை அகற்றவும் புண்ணை ஆற்றவும் அவர்கள் தமக்குள் பகிர்ந்த அறிவு தனி ஆய்வுக்குரியது.

முடிவுரை

அட்டை நிறைந்தால் விழும், கணக்கு நிறைவதில்லை. அட்டை குருதியை மட்டும் எடுக்கிறது. கணக்கு, குருதி இழந்தவரையே கடனாளியாக்குகிறது. இவ்விரு வேற்றுமைகளையும் கண்டபின்னரே ‘எரியும் பனிக்காடு’ கூறும் வன்முறையின் தன்மை விளங்குகிறது.

இம்முடிவு ஆனைமலையோடு நிற்பதன்று. அம்மலையடிவாரத்துக் கொங்குச் சமவெளியின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால் இளம்பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டனர். ஊதியத்தின் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, ஒப்பந்தக் காலம் முடிந்தால் மொத்தத் தொகையாகத் தரப்படும் எனக் கூறப்பட்டது. மேஸ்திரியின் முன்பணம் தலைகீழாக்கப்பட்ட வடிவம் இது. முன்னதில் வாங்கிய தொகை ஆளைப் பிணித்தது. பின்னதில் வாங்காத தொகை பிணித்தது. ஆலையின் தரையில் அட்டை இல்லை. சுரண்டலை அட்டையைக் கொண்டு மட்டுமே அடையாளம் காணப் பழகிய வாசகர் அங்கு எதையும் காணமாட்டார். பேரேட்டை வாசிக்கப் பழகியவர் காண்பார். கொங்குநாட்டு வகுப்பறைகளில் இந்நாவலைப் பயிற்றுவிக்கும்போது அவ்வாசிப்பைப் பழக்குவதே நம் முன்னுள்ள பணியாகும்.