சதுரத்தின்மேல் அமர்ந்த வட்டம்

ரோமாபுரியில் பாந்தியன் ஆலயத்தின் பிரமாண்டமான கவிமாடத்தைத் தாங்குவது வட்டமான கனத்த சுவர். வட்டத்தின்மேல் வட்டத்தை ஏற்றுவதற்குப் பலம் வேண்டுமேயன்றிச் சூட்சுமம் அதிகம் வேண்டியதில்லை. ஆனால், நாற்புறமும் திறந்து பக்கத்து மண்டபங்களோடு தாராளமாகக் கலந்து நிற்கும் ஒரு சதுரத்தின் தலையில் அந்த வட்டத்தை அமர்த்துவது எவ்வாறு? பைசாந்தியத் தேவாலயங்களின் ஏனைய இலட்சணங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குக் கண்ட விடையிலிருந்தே கிளைத்தவை என்பது என் துணிபு.

விடையை அறியப் பெரிய கணிதம் தேவையில்லை. சாத்துக்குடி ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியைத் தட்டில் கவிழ்த்து, அடிப்பாகம் சதுரமாகும்படி நான்கு பக்கமும் செங்குத்தாகச் சீவினால், பக்கத்துக்கு ஓர் அரைவட்ட வளைவு தோன்றும். அவ்வளைவுகளின் உச்சிமட்டத்தில் மேற்புறத்தையும் கிடையாகச் சீவிவிட்டால், மேலே ஒரு வட்டமும், மூலைக்கு ஒன்றாகத் தலைகீழ் முக்கோணத் தோல்துண்டுகள் நான்கும் எஞ்சும். ‘பெண்டென்டிவ்’ என்று கட்டடக்காரர்கள் அழைப்பது அந்தத் தோல்துண்டைத்தான். மாடத்தின் பாரத்தை நான்கு பெருந்தூண்களில் இறக்கிவைப்பது அதன் வேலை.

கி.பி. 532 ஜனவரியில் கான்ஸ்டாண்டிநோபிளை உலுக்கிய கலகத்தில் பழைய தேவாலயம் எரிந்து சாம்பலானபோது, ஜஸ்டினியன் சக்கரவர்த்தி புதிய ஹாகியா சோபியாவைக் கட்டும் பொறுப்பை அந்தீமியஸ், இசிடோர் என்ற இருவரிடம் ஒப்படைத்தான். இருவரும் க்ஷேத்திர கணிதத்தில் தேர்ந்தவர்கள். ஆறு வருஷம் முடியுமுன்னே, 537 டிசம்பரில், ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. நூறடிக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள மாடத்தின் அடியைச் சுற்றி 40 சாளரங்கள். அவற்றினூடே பாயும் ஒளி மாடத்தையும் சுவரையும் பிரித்துக் காட்டுவதால், அது வானத்திலிருந்து பொற்சங்கிலியில் தொங்குவதுபோல் தோன்றுவதாக அக்காலத்துச் சரித்திரக்காரர் புரோகோப்பியஸ் எழுதிவைத்தார்.

தோற்றம் அப்படி, பாரமோ மெய்யான பாரம். செங்கல்லின் கனத்துக்கு மிஞ்சிய கனத்தில் பூசிய சாந்து இறுகுவதற்குள் அவசரம் வேலையை மேலே மேலே ஏற்றிற்று. கிழக்கிலும் மேற்கிலும் அரைமாடங்கள் முட்டுக்கொடுக்க, வடக்கும் தெற்கும் அத்தகைய துணையின்றி நின்றன. தூண்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. பூகம்பங்களுக்குப் பின் 558-ல் மாடம் இடிந்து விழுந்தது. முதல் இசிடோரின் உறவினனான இளைய இசிடோர், சுமார் 20 அடி உயர்த்திக் கட்டி, பக்கவாட்டு உந்தலைக் குறைத்தான். 562-ல் மறுபடியும் பிரதிஷ்டை. துணிச்சலுக்குக் கட்டிய அபராதம் என்று இதைச் சொல்லலாம். அவ்வளவு பெரிய மாடத்தைப் பைசாந்தியர் பிறகு கட்டவே இல்லை.

அதனால் கலை குன்றிவிட்டதென்று எண்ணுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பிற்காலத்தில், சதுரத்துக்குள் சிலுவை பொருந்திய திட்டத்தில், நடுமாடம் நான்கு தூண்களின்மேல் நிற்க எழுந்த சிறு கோயில்களே அந்த மரபின் கனிந்த வடிவம். கிரேக்க நாட்டின் ஹோசியோஸ் லூக்காஸ், டாஃப்னி மடாலயங்களில் மூலைகளைச் சிறு வளைவுகளால் அடைத்து மாடத்தை அகலப்படுத்தினார்கள். அது வேறொரு உபாயம்.

843-ல் திருவுருவங்களை ஒழிக்கும் கிளர்ச்சி அடங்கியபின், உருவங்களுக்கும் கட்டடத்தில் ஓர் இடவரிசை நிலைபெற்றது: மாடத்தின் உச்சியில் அகிலத்தை ஆளும் கிறிஸ்து, பீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்ட மாடத்தில் தேவமாதா, கீழிறங்க இறங்கத் தீர்க்கதரிசிகளும் அடியார்களும். பொன் ரேக்கை இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வைத்துச் செய்த சின்னஞ்சிறு சில்லுகளைச் சாந்தில் சமதளமாகப் பதிக்காமல், பல இடங்களில் சற்றே சாய்த்துப் பதித்தார்கள். பார்ப்பவன் ஓரடி நகர்ந்தால் ஒரு வரிசை அணைந்து மறுவரிசை சுடர்விடும். விளக்கின் நாக்கு அசைந்தால் சுவரே மூச்சுவிடுவதுபோலிருக்கும்.

இத்தனை ஐசுவரியமும் உள்ளேதான். வெளியே பல கோயில்களில் செங்கல்லும் சாந்தும் மாறிமாறி வந்த வரிகளைத் தவிர ஆடம்பரம் சொற்பம். ஆதென்ஸ் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் அருகே, அதன் குழந்தைபோல் நிற்கும் ‘சின்ன மெட்ரோபோலிஸ்’ மட்டும் விலக்கு: அதன் சுவர்கள் பழைய சலவைக்கற்களால் ஆனவை. வாயிலின்மேல் பதித்திருப்பது கிரேக்கரின் புராதனத் திருவிழாக்களை மாதவாரியாகச் செதுக்கிய பட்டை. அந்தத் தேவர்களுக்கும் பலிவிலங்குகளுக்கும் நடுவே, பிற்காலத்து உளி சிலுவைகளைச் செதுக்கியிருக்கிறது.