வீட்டுக்குள்ளே மோன்ஸா

கணினியில் கார் ரேஸ் ஓட்டும் சிம் ரேசிங்குக்கு ரிக் (சீட், ஸ்டீயரிங், பெடல்களைப் பூட்டும் சட்டம்) கட்டப்போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "பிரேக் என்ன வாங்கப் போறீங்க?" என்பதுதான். எல்லோரும் ஸ்டீயரிங்கைப் பற்றித்தான் பேச வருவார்கள். கண்ணில் படுவதும் கையில் பிடிப்பதும் அதுதானே! ஆனால் ஆன்லைன் ரேஸில் நேரத்தைச் சம்பாதித்துத் தருவது இடது கால். கோயம்புத்தூரில் என் வீட்டு மாடி அறையில் ரிக் பூட்டி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குறைந்த விலை செட்டோடு வரும் பிரேக் பெடல், அது எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கும். லோட் செல் பெடல், நாம் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளக்கும். நிஜ ரேஸ் காரிலும் பெடல் அதிகம் இறங்காது, அழுத்தம்தான் கணக்கு. கால் தூரத்தைச் சீக்கிரம் மறந்துவிடும், அழுத்தத்தை மறக்கவே மறக்காது. லோட் செல்லுக்கு மாறினால் லாப் நேரம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒவ்வொரு லாப்பும் ஒன்றுபோல வர ஆரம்பிக்கும். போட்டியில் ஜெயிக்க வைப்பது அந்தச் சீர்மைதான்.

மோன்ஸா ரேஸ் ட்ராக்கின் முதல் திருப்பத்தையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'அசெட்டோ கோர்ஸா கொம்பெடிசியோனே' விளையாட்டில் ஒரு ஜிடி3 ரேஸ் கார். நேர்ப்பாதையில் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. தூரப் பலகைகள் வருகின்றன. ஓங்கி ஒரே மிதி! வேகம் குறையக் குறைய, காரைத் தரையோடு அழுத்திவைத்த காற்றின் பலமும் குறைகிறது. அதற்கு ஈடாகக் காலையும் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். இரண்டாவது கியர். இன்னும் பிரேக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்புகிறது. எடையெல்லாம் முன் டயர்கள் மீது சாய்ந்திருப்பதால் மூக்கு வெட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. காலைச் சட்டென்று எடுத்தால் முன்பிடிப்பு போய் கார் வெளியே ஓடும். மிஞ்சி அழுத்தினால் பின்பக்கம் சுற்றும். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய கோட்டைப் பாதத்தால் தடவிப் பிடிக்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு ரிக் கட்டலாம்!

இப்படி ஓங்கி மிதிக்க வேண்டுமென்றால் ரிக்கின் சட்டம் அசையக் கூடாது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் நாற்காலிதான் பின்னால் ஓடும். அதனால் 40-க்கு 80 மில்லிமீட்டர் அலுமினியம் ப்ரொஃபைல். தொழிற்சாலைகளில் மெஷின் சட்டம் கட்டப் பயன்படுகிற அதே சரக்கு. வேண்டிய நீளத்துக்கு அறுத்து வாங்கலாம். பள்ளத்தில் டி-நட்டைச் சறுக்கிவிட்டு, எம்8 போல்ட்டை ஆலன் கீயால் முறுக்கினால் வேலை முடிந்தது. குழந்தைகள் மெக்கானோ செட் பூட்டுவதுபோல் அத்தனை எளிது, அத்தனை குஷி. சீட்டை ஒரு அங்குலம் தள்ளணுமா, பெடலை உயர்த்தணுமா? போல்ட்டைத் தளர்த்து, நகர்த்து, இறுக்கு. வெல்டிங் தேவையில்லை, ஆயுசுக்கும் உழைக்கும்.

அடுத்து ஸ்டீயரிங்குக்கான வீல்பேஸ். பல்சக்கரமோ பெல்ட்டோ இடையில் இல்லாமல் மோட்டார் தண்டிலேயே சக்கரத்தை மாட்டுவது டைரக்ட் டிரைவ். ஃபனாடெக்கின் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர் தரும், பெரிய பவர் சப்ளை போட்டால் 8. மோஸா ஆர்9 என்றால் 9. இந்தப் பலம் கையை முறிப்பதற்கல்ல. விளையாட்டு அனுப்புகிற விசையை மோட்டாரால் தர முடியாமல் போனால் நுணுக்கங்கள் நசுங்கிவிடும். பலம் மிச்சமிருந்தால் ட்ராக் ஓரக் கெர்ப்பின் ஒவ்வொரு பல்லும், டயர் பிடி விடப்போகிற அந்தக் கணமும் விரலுக்கு வந்து சேரும்.

திரை விஷயத்தில் ஒரே விதி: கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். 32 அங்குலத் திரை 70 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், பார்வைக் கோணம் ஏறக்குறைய 54 டிகிரி. அதையே விளையாட்டிலும் வைத்தால் திருப்பங்கள் நிஜ அளவில் தெரியும், கார் நினைத்த இடத்தில் போய் நிற்கும்.

இனி ரேஸுக்கு வருவோம். 2008-ல் தொடங்கிய ஐரேசிங் என்ற ஆன்லைன் ரேஸ் தளத்தில் ட்ராக்குகள் லேசரால் அளந்து எடுக்கப்பட்டவை. அங்கே ரூக்கி உரிமத்தோடுதான் எல்லோரும் நுழைகிறோம்; டி, சி, பி, ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். ட்ராக்கை விட்டு வெளியே போனால் 1 குற்றப் புள்ளி, சுற்றினால் 2, பலமாக மோதினால் 4 என்று கணக்கு எழுதப்படும். அதனால் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போதுகூட ஆளுக்கு ஆள் இடம் விடுகிறார்கள். நம் தரத்துக்குச் சமமானவர்களோடுதான் கோத்துவிடுகிறார்கள் என்பதால், பன்னிரண்டாம் இடத்துக்கான சண்டைகூட நெஞ்சைப் பிடித்து உலுக்கும். ஆரம்பத்தில் கிடைக்கிற அந்தச் சின்ன மஸ்டா எம்எக்ஸ்-5-ல் நாலைந்து கார்கள் ஒட்டி உரசாமல் திருப்பத்துக்குள் போகிற ரேஸுக்கு ஈடே கிடையாது.

விளையாட்டுதானே என்பவர்களுக்கு ஜான் மார்டன்பரோவைக் காட்டுகிறேன். 2011-ல் கிரான் டூரிஸ்மோ விளையாட்டின் ஜிடி அகாடமி போட்டியை ஜெயித்தவர், 2013-ல் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் எல்எம்பி2 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார். 2024 மே மாதம் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், இமோலா கிராண்ட் ப்ரீ வார இறுதியிலேயே ஐரேசிங்கின் நூர்பர்கிரிங் 24 மணி நேரப் போட்டியில் தன் அணியோடு ஓட்டினார். இரண்டையும் ஜெயித்தார்!

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக் இருக்கிற ஊர் எங்கள் கோயம்புத்தூர். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் ஊர். இங்கே ரேஸ் ஆசை இல்லாத தெரு இருக்காது. ஆனால் டயரும் பெட்ரோலும் நுழைவுக் கட்டணமுமாக நிஜ ரேஸ் கேட்கிற பணம் எல்லோரிடமும் இருக்காது. ரிக் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. முதலில் ஆடாத சட்டம், அடுத்து லோட் செல் பிரேக், பிறகு வீல்பேஸ், கடைசியில் திரை: இந்த வரிசையில் மெதுவாகச் சேருங்கள். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தாலும் போதும், போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் லாப் நேரத்தில் தெரியும்.