பூட்டு எந்தப் பக்கம்

கல்லூரியைச் சுற்றிக் காட்டிய பேராசிரியை விடுதி வாசலுக்கு வந்ததும் நின்றார். அதுவரை என் அக்கா மகளைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தவர், அங்கே மாமாவின் பக்கம் திரும்பினார். "சாயந்திரம் ஆறரைக்கு கேட்டை மூடிடுவோம் சார். அதுக்கப்புறம் நீங்களே வந்து கூப்பிட்டாலும் வார்டன் சொல்லாம அனுப்ப மாட்டோம்" என்றார். காலையில் ஆம்பூரில் பஸ் ஏறியதிலிருந்து இறுகிக் கிடந்த மாமாவின் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

ஆய்வகத்தில் அவளைத்தான் கேட்டார்கள், என்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று. நூலகத்தில் அவளே கேட்டாள், ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் தருவீர்கள் என்று. விடுதியில் மட்டும் அவள் பேச்சில் பங்கெடுக்கும் ஆளாக இல்லாமல் பேசப்படும் விஷயமாகிப் போனாள். மாமா இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது கேமரா எங்கெங்கே இருக்கிறது என்பது. இரண்டாவது தண்ணீர். ஆம்பூர்க்காரர்கள் எங்கே போனாலும் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றுக்கு என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் எழுதிவைத்தது. எங்கள் ஊர் அதற்கு முன்பே நாக்கில் தெரிந்துவைத்திருந்தது. தண்ணீரைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. பதிலும் கிடைத்தது.

திரும்பி வரும்போது, பள்ளிகொண்டா தாண்டியபின், அவள் என் காதருகே கேட்டாள்: "சித்தி, லைப்ரரி எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும்னு சொன்னாங்களே. ஹாஸ்டல் பொண்ணுங்க எப்படிப் போவாங்க?"

வீட்டுக்கு வந்து விடுதி விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கதையையோ கவிதையையோ படிப்பதுபோல இதையும் படிக்கலாம். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தால் போதும். பேசுவது நிர்வாகம். கேட்பது பெற்றோர். மாணவி படர்க்கையில்தான் வருகிறாள். வினைச்சொற்கள் எல்லாம் செயப்பாட்டில் இருக்கின்றன: அனுமதிக்கப்பட மாட்டார், தெரிவிக்கப்படும், பறிமுதல் செய்யப்படும். யார் அனுமதிக்க மாட்டார்கள், யாரிடம் தெரிவிப்பார்கள் என்பது எந்த வாக்கியத்திலும் இல்லை. மாணவி என்ன செய்யக் கூடாது என்பது பக்கம் பக்கமாக இருக்கிறது. நிர்வாகம் அவளுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது என்பதற்கு உணவு நேரப் பட்டியலைத் தவிர எதுவும் இல்லை. உள்ளூர்க் காப்பாளர் கையெழுத்து, தந்தை கையெழுத்து, அவுட்பாஸில் வார்டன் கையெழுத்து. அதே கல்லூரியின் ஆண்கள் விடுதிக்கும் கேட் உண்டு, அது ஒன்பதரைக்கு மூடும். அதற்கான தாள் ஒரே பக்கம்தான். மாமாவின் தங்கை மகன் அங்கேதான் படிக்கிறான், அவனைக் கேட்டேன். "அதெல்லாம் யார் பாக்கறா அத்தை" என்றான்.

இந்திய வயதுவரம்புச் சட்டம் 1875-இலேயே 18 வயதை முதிர்ந்த வயது என்று வகுத்துவிட்டது. 1989 முதல் 18 வயதுக்கு ஓட்டும் உண்டு. சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உள்ளவள், காட்பாடி ரயில் நிலையம் வரை போய்வர அப்பாவின் கையெழுத்தோடு நிற்கிறாள்.

இருட்டைப் பற்றிப் பேச வேண்டும். விடுதியைப் பற்றிய எல்லாப் பேச்சும் கடைசியில் இருட்டில்தான் வந்து நிற்கிறது.

என் அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். மார்கழியில் அவள் கம்பெனி பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரம் நிற்கும்போது விடிந்திருக்காது. ஆர்டர் நெருக்கடி என்றால் ஓவர்டைம்; திரும்பும்போதும் இருட்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பகுதி முழுவதும் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்களைப் பார்க்கலாம். நாம் போடாத செருப்புகளை, ஐரோப்பாவில் யாரோ போடும் செருப்புகளை, தைப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பெண்கள்தான். அவர்கள் இருட்டில் நடப்பது பற்றி எந்தக் குடும்பக் கூட்டத்திலும் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. சம்பளம் வருகிற இருட்டு வேறு, படிப்பு வருகிற இருட்டு வேறு போலிருக்கிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெண்களைப் பொதுவாக இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா வழக்கில், அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. நீக்கியபோது நிபந்தனைகளை முதலாளியின் மேல் வைத்தது: வீட்டிலிருந்து வந்துபோக வண்டி, வேலையிடத்தில் பாதுகாப்பு. இந்தத் தீர்ப்பை முழுக்கக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. இரவில் பெண்களின் உழைப்பு கிடைத்தால் ஆலைகளுக்கும் லாபம்தான். ஆனால் தர்க்கத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலைக்கு அவள் இரவில் தேவைப்பட்டபோது, அவளைப் பாதுகாப்பது நிறுவனத்தின் செலவு என்றானது. கல்லூரியில் அதே பாதுகாப்பு அவளுடைய செலவாகவே இருக்கிறது. நூலகத்தின் ஒன்றரை மணி நேரத்தை அவள் கொடுக்கிறாள், ஆய்வகத்தைக் கொடுக்கிறாள், மாலைக் கூட்டங்களைக் கொடுக்கிறாள். கட்டணமும் அவளே கட்டுகிறாள். அக்காவின் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல் அது.

வேலூரில் நின்று இதை எழுதும்போது பழைய கதை ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தார். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மூன்று கணவன்மாரும் மறுத்துவிட்டார்கள். அவர் அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் முதல் அணியின் 14 பேர் தேர்ச்சி பெற்றார்கள். ஆண் மாணவர்கள் அங்கே சேர்ந்தது 1947-இல்தான். அந்த மூன்று பெண்களும் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தவர்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. அந்தச் சாவுகளுக்குப் பதிலாக வந்த பள்ளி, ஊர் ஊராகப் பெண்களை வீட்டை விட்டு வரவழைத்துத் தங்கவைத்துப் படிக்கவைத்தது. மருத்துவம் படிக்கிறவள் இரவில் வார்டுக்குப் போகாமல் படிக்க முடியாது. பிரசவ வலி ஆறரை மணிக்குள் வருவதில்லை.

மதில் சுவரை ஒரேயடியாகத் திட்டிவிடவும் நான் தயாரில்லை. காட்பாடியில் சலேசியச் சகோதரிகள் 1954-இல் ஆக்ஸிலியம் கல்லூரியைத் தொடங்கியபோதும், பின்னால் வேலூரிலும் வாணியம்பாடியிலும் பெண்கள் கல்லூரிகள் வந்தபோதும், 'பொம்பளைப் பசங்க மட்டும்தான்' என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனை வீட்டுக் கதவுகள் திறந்தன என்பது இந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களையும் இந்துக் குடும்பங்களையும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் வகுப்புத் தோழிகள் பலர் அந்த வாக்கியத்தின் மேல் ஏறித்தான் பட்டம் வாங்கினார்கள். சுவர் இல்லையென்றால் படிப்பே இல்லை என்ற நிலையில் சுவரும் ஏணிதான். என் கேள்வி, ஏறி முடித்த பிறகும் அதை ஏன் ஏணி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான்.

சுவருக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதும் இந்த வரலாற்றில் உண்டு. 1930களின் தொடக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியதற்கு உடனடிக் காரணம், படிக்க வந்த தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளைச் சென்னையின் விடுதிகள் சேர்க்க மறுத்தது. 'நல்ல குடும்பத்துப் பெண்களுக்கான' விடுதி என்று ஒன்று இருந்தால், நல்லவள் அல்லாதவள் என்றும் ஒருத்தியை அது உண்டாக்கிக்கொள்ளும். இன்றைக்கு அந்த வேலையை அவுட்பாஸ் நோட்டு செய்கிறது. தாமதமாக வந்தவளின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு. மறுநாள் மெஸ்ஸில் அவள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பூட்டினால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதற்காவது ஆதாரம் இருக்கிறதா? 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். அதன் பின்னர்தான் அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் விடுதி நடத்தக் கூடாது என்றானது. நல்ல சட்டம். உரிமம் இருக்கிறதா என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. கேமராவைத்தான் கேட்டோம். 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி அமைந்திருக்க வேண்டிய புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. ஆபத்து எப்போதும் கேட்டுக்கு வெளியிலிருந்துதான் வரும் என்று நாங்களும் நம்பிக்கொண்டு போயிருந்தோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவே இதில் இரண்டு மனதாக இருந்திருக்கிறது. 2012 டிசம்பர் தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு அது அமைத்த குழுவின் 'சக்ஷம்' அறிக்கை, பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள்மீது பாகுபாடான விதிகளைப் போடக் கூடாது என்று 2013-இல் சொன்னது. 2015-இல் அதே மானியக் குழு வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் உயர்ந்த மதிலும் முள்கம்பியும் பயோமெட்ரிக் வருகைப் பதிவும் வந்தன. அந்த ஆண்டுதான் தில்லியில் மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்ற பெயரில் தெருவுக்கு வந்தார்கள். கேரளத்தில் மாணவிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019-இல் திருச்சூர் கல்லூரி ஒன்றின் விடுதியில் முதல் காட்சி, இரண்டாம் காட்சி சினிமாவுக்குப் போகத் தடை இருந்தது. நிர்வாகத்தின் ஒழுக்கப் பார்வையை மாணவிகள்மேல் திணிக்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். அதே ஆண்டு, விடுதியில் மாலையில் செல்பேசியைப் பறித்துவைக்கும் விதியை எதிர்த்த மாணவி வென்றாள். 2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிக் கெடுவை எதிர்த்தார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டுகிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. இருபாலருக்கும் ஒரே விதி என்று அரசு ஆணை போட்டது. எங்கள் ஆறரையை நினைத்தால் அவர்கள் சண்டை போட்ட ஒன்பதரை எனக்குச் சொகுசாகத் தெரிகிறது. அப்படித் தெரிவதே எவ்வளவு கீழே நிற்கிறோம் என்பதற்கு அடையாளம்.

1928-இல் வர்ஜீனியா வுல்ஃப் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் பேசியதுதான் அடுத்த ஆண்டு 'தனக்கென ஓர் அறை' நூலானது. எழுத நினைக்கும் பெண்ணுக்கு வருமானமும் பூட்டுள்ள அறையும் வேண்டும் என்றார். நாம் அதைப் பாடமாகவே நடத்துகிறோம். அவர் சொன்ன பூட்டு உள்ளே இருப்பவள் போட்டுக்கொள்வது. அன்றைக்கு நாங்கள் பார்த்த விடுதியில் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சேஃப்டிக்குத்தான் மேடம்" என்றார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 'நான் முதல்வன்' திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப்போகிறார்கள். அப்பா அம்மா பக்கத்தில் இல்லாமல், தோழிகளோடு, வாயைத் திறந்து கேள்வி கேட்கக் கிடைக்கும் நாள் அது. அந்தப் பயணத்தில் விடுதியும் கட்டாயம் இருக்க வேண்டும். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கினை எங்கே போடுவது, மெஸ்ஸில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பதை ஒரு பெண்பிள்ளை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவாள். ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். அவற்றையும் இப்படித் திறந்து காட்டட்டும். விளம்பரப் புத்தகத்தில் படம் போட வசதியில்லாத விடுதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவளிடம் மாமா கேமராவைப் பற்றியும் ஆறரை மணியைப் பற்றியும் சொன்னார். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தவள், "ராத்திரி புள்ளைக்கு வயித்து வலி வந்தா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள். விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்படும் என்று இருந்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர்.

கடைசியில் அவளை விடுதி வேண்டாத கல்லூரி ஒன்றில் சேர்த்தோம், பஸ்ஸில் போய்வருகிறாள். அதுதான் சேஃப் என்கிறார் மாமா. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. அவள் இறங்கும் நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இல்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் அவள் வரும் நேரத்துக்கு நன்றாக இருட்டிவிடும். சில நாள் கம்பெனி பஸ்ஸும் அதே நேரத்துக்கு வரும். அன்றைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து நடந்து வருவார்கள்.