"வீடு கரியது": ஈரானியப் பெண் கவியின் குறும்படம்

பெருநோய் கண்டவருக்காக இரங்குவோர் பலர். அவர்தம் முகத்தை நேர்நின்று நோக்குவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஈரான் நாட்டுப் பெண் கவி ஃபொரூக் ஃபரோக்சாத். 1962-ஆம் ஆண்டில், தப்ரீஸ் நகரை அடுத்த பாபாபாகி என்னும் நோயாளர் குடியிருப்பில் அவர் எடுத்த "வீடு கரியது" என்னும் படம் சுமார் 20 நிமிஷமே ஓடுவது.

இப்படத்தில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஆண்குரல் மருத்துவம் பேசுகிறது: இந்நோய் பரம்பரையாய் வருவதன்று, தீராததுமன்று, வறுமையோடு கூடி வளர்வது. பெண்குரலோ கவியினுடையது, வேத வாக்கியங்களையும் தம் கவிதையையும் கலந்து ஓதுகிறது. முன்னது மட்டும் இருந்திருப்பின் படம் சுகாதாரப் பிரசாரமாய் நின்றிருக்கும். பின்னது மட்டும் இருந்திருப்பின் ஒப்பாரியாய்த் தேய்ந்திருக்கும். இரண்டும் மோதுமிடத்தில் சிந்தனை பிறக்கிறது. உருக்குலைந்த கைகளை உயர்த்தித் தொழுகையில் நன்றி செலுத்துவோரைக் காண்கிறோம். எதற்கு நன்றி என்னும் வினாவை அங்கே எவரும் எழுப்பவில்லை. காண்போர் உள்ளத்தில் அது தானே எழுகின்றது.

துன்பத்தை அழகுபடுத்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். சுவரோரமாய் ஒருவர் போவதும் வருவதுமாயிருக்க, கிழமைகளின் பெயர்கள் மாத்திரம் ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்கும் பகுதியை அவர்கள் காண்பாராக. அங்குள்ள தாளம் அலங்காரமன்று. அடைபட்டவனுக்கு நாள் கழியும் விதத்தின் கணக்கேயாகும். அதே படம் பிள்ளைகளின் விளையாட்டையும் கலியாணக் களிப்பையும் காட்டத் தவறவில்லை. பரிதாபப் பொருளாய் ஒதுக்கப்பட்டோர் அக்கணத்தில் நம்மை ஒத்த மாந்தராகின்றனர். இதுவே கலையின் நேர்மை என்போம்.

1963-இல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் இது பரிசு பெற்றது. 1967-இல், தமது 32-ஆம் வயதில், ஃபொரூக் மோட்டார் விபத்தில் மாண்டார். ஆயினும் ஈரானியப் புதிய திரைப்பட இயக்கத்துக்கு இச்சிறு படத்தை முன்னோடியாகக் கொள்வர். அப்பாஸ் கியாரோஸ்தமி 1999-இல் தம் படமொன்றுக்கு இவரது கவிதையின் பெயரையே சூட்டினார்.

இறுதியில் பள்ளிக்கூடக் காட்சி. 'வீடு' என்னும் சொல்லை அமைத்து வாக்கியம் எழுதுமாறு ஆசிரியர் பணிக்க, நோயுற்ற மாணாக்கர் கரும்பலகையில் எழுதுவதே படத்தின் பெயராகிறது. அவ்வீட்டைக் கரிதாக்கியது நோய் மட்டுமா? மருந்து உண்டென்று அறிந்த பின்னும் விதியென்று சொல்லிக் கதவடைத்த சமூகத்துக்கும் அதில் பங்குண்டு. தலையெழுத்தின் பேரால் மனிதரை விலக்கும் வழக்கம் எங்கிருப்பினும், அங்கெல்லாம் இப்படம் காட்டப்பட வேண்டும்.